பழைய அச்சா, மறுபதிப்பா?

யாரும் கேள்விப்படாத திகில் படம், ஓடாத அறிவியல் புனைகதைப் படம்... இவற்றின் இசைத்தட்டுகளைத் தேடுபவருக்கு இரண்டு வழிகள்: படம் வந்த காலத்திலேயே வெளியான பழைய தட்டு, அதாவது முதல் அச்சு; அல்லது பின்னாளில் புதிதாக அச்சிட்ட மறுபதிப்பு.

முதல் அச்சைக் கையில் எடுப்பது தனி சுகம். அந்தக் காலத்து உறை ஓவியம், பழுப்பேறிய காகித வாசம். தட்டின் நடுவிலுள்ள லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தைச் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எண் தெரியும். எந்த அச்சு என்று கண்டுபிடிக்க அதுதான் முதல் தடயம். ஆனால் விலை அதிகம். கீறல்களும் இருக்கும், இசை மெதுவாக ஒலிக்கும் இடங்களில் அவை நன்றாகவே கேட்கும்.

மறுபதிப்பில் சத்தம் சுத்தம், சில சமயம் கூடுதல் பாடல்களும் உண்டு. முதலில் பதிவு செய்த மூல நாடாவிலிருந்து எடுத்ததா என்று மட்டும் பாருங்கள். தட்டின் எடை 180 கிராம் என்பது ஒலித்தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

சில படங்களுக்கு அந்தக் காலத்து அச்சே கிடையாது. 1973இல் வந்த 'தி விக்கர் மேன்' படத்தின் இசை 1998இல்தான் ட்ரங்க் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாகத் தட்டாக வந்தது.

அடிக்கடி கேட்பதற்கு நான் மறுபதிப்பையே வாங்குவேன். உறை மனதைப் பிடித்து இழுத்தால் மட்டும், சரி, பழையதற்குக் காத்திருப்பேன்.