திருப்பத்தில் வழுக்கும் ப்ரொப்பல்லர்: பழையதைச் சரிசெய்வதா, நாலு பிளேடுக்கு மாறுவதா?

நேராகப் போகும்போது ஒரு குறையும் தெரியாது. படகுக்குப் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்து விழுந்த ஆளை எடுக்கப் படகை வளைத்துத் திருப்பினால் மட்டும் என்ஜின் சத்தம் சட்டென்று எகிறும், ஆர்பிஎம் முள் ஏறும், படகு நகராமல் வழுக்கும். இதற்கு என் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. இருக்கிற மூன்று பிளேடு ப்ரொப்பல்லரைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து, பிளேடின் பின்விளிம்பில் கப் போட்டு, அதாவது அந்த விளிம்பைத் தண்ணீரைத் தள்ளும் முகத்தின் பக்கம் லேசாக மடித்து, வாங்குவது ஒன்று. நாலு பிளேடுக்கே மாறிவிடுவது இன்னொன்று. நான் மாறிவிட்டேன், யார் கேட்டாலும் அதையே சொல்வேன், ஆகவே நடுநிலைமையை இங்கே தேட வேண்டாம்.

ஆனால் காசை எடுக்கும் முன் கோளாறு ப்ரொப்பல்லரில்தானா என்று பார்த்துவிடுங்கள். பிளேடின் ஒரு பக்கத்தில் அழுத்தம் ரொம்ப இறங்கினால் தண்ணீர் சூடாகாமலேயே ஆவியாகிக் குமிழி கட்டும், அது கேவிட்டேஷன். மேலிருந்தோ எக்ஸாஸ்டிலிருந்தோ காற்று உள்ளே புகுந்தாலும் வழுக்கல் இதே மாதிரிதான் இருக்கும். ப்ரொப்பல்லர் படகின் பின்னால் வெளியே இருக்கும் ஸ்டெர்ன்டிரைவில் டிரிம்மை (டிரைவின் சாய்கோணத்தை) ஏற்றி வைத்துக்கொண்டே திருப்பினால் காற்று வாங்கும். முதலில் அதை இறக்கிப் பாருங்கள். ஸ்டெர்ன்டிரைவ் நான் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் இதற்கு மேல் போகவில்லை. என்னுடையது வி-டிரைவ் இன்போர்டு, என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை. ப்ரொப்பல்லர் படகின் அடியில் மறைந்திருப்பதால் காற்று அவ்வளவு சுலபமாக வராது.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் வழுக்கினால் முதலில் பாலஸ்ட் பைகளை, அதாவது எடைக்காகத் தண்ணீர் நிரப்பும் பைகளை, பாருங்கள். ஒரு பக்கம் நிறைந்து மறு பக்கம் காலியாக இருந்தால் படகு சாய்ந்தே ஓடும், திருப்பத்தில் இன்னும் சாயும். இரண்டு பக்கமும் வழுக்கினால் குனிந்து அடியைப் பார்க்க வேண்டியதுதான். ஷாஃப்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் கயிறோ பாசியோ சுற்றியிருந்தால்கூட, பிளேடுக்கு வரும் தண்ணீர் கலங்கிப்போய் வரும். அதெல்லாம் சரியாக இருந்தால், ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து பிளேடின் பின்பக்க முகத்தில், தண்ணீரைத் தள்ளும் அந்த முகத்தில், பின்விளிம்போடு ஒட்டிக் குறுக்காக வையுங்கள். கப் இருந்தால் விளிம்புக்குச் சற்று உள்ளே ஸ்கேலுக்கும் பிளேடுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியும். எல்லா பிளேடிலும் அந்தக் கீற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு பிளேடில் கீற்றே இல்லை, நுனி அருகே சொரசொரவென்று குழி விழுந்திருந்தது. குமிழிகள் உடையும்போது உலோகத்தை அரித்த தடம் அது.

சரிசெய்வதில் உள்ள நன்மைகள் வெளிப்படையானவை: செலவு குறைவு, விட்டமும் பழைய விட்டமே, படகு எப்படிப் போகும் என்பதும் தெரிந்த கதை. கப் நன்றாகவே வேலை செய்யும், அதை நான் மறுக்கவில்லை. கொஞ்சம் பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றுக்கு ப்ரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கூட்டியது போலத்தான் அதன் பலன், அதனால் ஆர்பிஎம் சற்று இறங்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மூன்று பிளேடில், பாரம் ஏற்றித் திருப்பும்போது, பிடிப்பின் பெரும்பகுதி அந்த மெல்லிய விளிம்பை நம்பித்தான் இருக்கிறது. ஆழம் குறைந்த கரையில் மணலை ஒருமுறை உரசினாலே முதலில் போவது அந்த விளிம்புதான். அதுவும் மூன்றிலும் ஒரே அளவில் போகாது. ஒன்றில் கொஞ்சம், இன்னொன்றில் நிறைய. நேர் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாததால் விட்டுவிடுவோம், அடுத்த சீசனில் திருப்பத்தில் பழைய சத்தம் கேட்கும், மறுபடி கழற்று, மறுபடி பட்டறைக்கு அனுப்பு, மறுபடி காத்திரு. கப்பை ஒரே அளவில் மடித்துக் கொடுக்க அளவுக் கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர் வேண்டும், சுத்தியலை வைத்துக்கொண்டு வீட்டில் செய்கிற காரியமல்ல.

நாலு பிளேடில் அதே தள்ளுவிசை கூடுதல் பரப்பில் பிரிகிறது. ஒவ்வொரு பிளேடின் மேலும் சுமை குறைவதால் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது, விளிம்பு கொஞ்சம் மழுங்கினாலும் பிடிப்பு முழுக்கப் போய்விடாது. அதிர்வும் குறைந்தது, அது எனக்கு உபரி லாபம். உச்ச வேகம் சற்றுக் குறையும், ஆனால் மணிக்கு 20 மைல் சுமாரில் ஆளை இழுக்கிற படகில் அதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்!

மாறுவதற்கு முன்னும் பின்னும் ஸ்லிப் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதாவது போக வேண்டிய வேகத்தில் எத்தனை சதவீதம் வழுக்கலில் குறைகிறது என்று. ஆர்பிஎம்மை அங்குலத்தில் உள்ள பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால், மணிக்கு இத்தனை மைல் போக வேண்டும் என்று வரும். உதாரணத்துக்கு 3000 ஆர்பிஎம், 14 அங்குல பிட்ச், 1.5 விகிதம் என்றால் 26.5 மைல். ஜிபிஎஸ் 22 காட்டினால் ஸ்லிப் சுமார் 17 சதவீதம். ஒரே பாரத்தோடு இரண்டையும் ஓட்டி ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக்கு அர்த்தமே இல்லை. பொதுவாக மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்குவார்கள், ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்பிஎம் வரை வித்தியாசம் வரும். பாலஸ்ட் நிறைத்து முழு த்ராட்டில் கொடுத்தால், என்ஜின் கையேட்டில் போட்டிருக்கும் ஆர்பிஎம் வரம்பைத் தொட வேண்டும். ஐந்து பிளேடும் கிடைக்கிறது, நான் ஓட்டியதில்லை.

லேசான பாரம், நல்ல ஆழம், எப்போதாவதுதான் ஓட்டம் என்றால் சரிசெய்வதே போதும், புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். மாறுகிறவர்கள் பழையதையும் கப் போட்டுப் படகிலேயே உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயம். முதலில் சாவி (ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் தனியாகச் சுழலாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) இல்லாமல் ப்ரொப்பல்லரை ஷாஃப்டில் ஏற்றி, எதுவரை போகிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு சாவியோடு ஏற்றினாலும் அதே கோட்டில் வந்து உட்கார வேண்டும். முன்னாடியே நின்றுவிட்டால் சாவி தூக்கிக்கொடுக்கிறது என்று அர்த்தம், நட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், சாவியைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். புதியது விட்டத்தில் பெரியது என்றால், பிளேடு நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதமாவது இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.