அரிப்பு நிற்காத நாய்க்கு எந்தச் சாப்பாடு: மருத்துவ உணவா, வீட்டுச் சமையலா, 'சென்சிடிவ் ஸ்கின்' பையா?

நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, காதைப் பிறாண்டுகிறது என்றதும் "சிக்கனை நிறுத்திப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நிறுத்தலாம். ஆனால் நம் ஊர் வெக்கையில் முதல் சந்தேகம் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, பூஞ்சை இவற்றின் மேல்தான் விழ வேண்டும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது சின்ன வேலை; சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே கேட்கலாம். இவை எதுவும் இல்லை, வருடம் முழுக்க ஒரே மாதிரி அரிக்கிறது, காதில் திரும்பத் திரும்பத் தொற்று, மலமும் நாளைக்கு நாலைந்து தடவை என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம்.

ரத்தமோ எச்சிலோ எடுத்து 'ஒத்துக்கொள்ளாத உணவுகள்' பட்டியல் தரும் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். எந்த அலர்ஜியும் இல்லாத நாய்க்குக்கூட அது பாசிட்டிவ் காட்டும். நம்பக்கூடிய வழி, குறைந்தது 8 வாரம் வேறெதுவும் கலக்காமல் ஒரே உணவு கொடுத்துப் பார்ப்பதுதான். உணவு அலர்ஜி உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த 8 வாரத்துக்குள் தேறிவிடும். அந்த ஒரே உணவு எது என்பதில்தான் குழப்பம்.

மருத்துவர் எழுதித்தரும் ஹைட்ரோலைஸ்டு உணவை முதலில் பார்ப்போம். புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, உடம்பின் எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டுகொள்ளாதபடி செய்திருப்பார்கள். ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக் வகையில் இருப்பது உடைத்த சோயா. ஹில்ஸ் இசட்/டி வகையில் உடைத்த கோழி ஈரல். பிறந்ததிலிருந்து சிக்கன் சாதம் சாப்பிட்ட நாய்க்கு நான் சோயா வகையைத்தான் கேட்பேன். ஏனென்றால், கோழி ஒத்துக்கொள்ளாத நாய்களில் சிலவற்றுக்கு உடைத்த கோழிப் புரதமும் அரிப்பைத் தரும். சைவ வீட்டில் மீல் மேக்கர் போட்டு வளர்த்த நாய் என்றால் கணக்கு தலைகீழ், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த உணவில் சத்துக் குறைபாடு வராது, அளந்து கொட்டினால் வேலை முடிந்தது. விலைதான் வலிக்கும்: கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, 30 கிலோ லேப்ரடாருக்கு 8 வாரத்துக்கு ஏறத்தாழ 18 கிலோ வேண்டியிருக்கும்.

வீட்டுச் சமையல் மலிவு, நாயும் ஆசையாகச் சாப்பிடும். இதில் சூட்சுமம், நாய் இதுவரை சாப்பிடாத இறைச்சியைக் கண்டுபிடிப்பது. கோழிக்குப் பதில் காடை, வாத்து என்று போவது உதவாமல் போகலாம்; பறவைப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. மாடும் ஆடும் அப்படித்தான். அதனால் சிக்கனிலேயே வளர்ந்த நாய்க்கு நான் சொல்வது நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். காலையில் சிக்கன் குழம்பைக் கிளறிய கரண்டி இதற்குள் வரக்கூடாது, தனிப் பாத்திரமே வைத்துவிடுங்கள். குறை என்னவென்றால் சத்து. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் குறைவு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013 இல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்ததில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வளர்ந்த நாய் 8 வாரம் தாங்கிவிடும். குட்டிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் தொடர்வதானால் எந்தச் சத்து மருந்து, எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

கடையில் 'சென்சிடிவ் ஸ்கின்', 'லாம்ப் அண்ட் ரைஸ்', 'கிரெயின் ஃப்ரீ' என்று அடுக்கியிருக்கும் பைகளைச் சோதனைக்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முன்பக்கம் ஆட்டுப் படம் இருக்கும். பையைத் திருப்பினால் மூன்றாவது வரியில் கோழிக் கொழுப்பு. இப்படிப் பைகளைப் பரிசோதித்த ஆய்வுகளில் லேபிளில் சொல்லாத புரதங்களும் அகப்பட்டிருக்கின்றன. கிரெயின் ஃப்ரீ மோகமும் தேவையற்றது. உணவு அலர்ஜி உள்ள 297 நாய்களின் தரவைத் தொகுத்த 2016 ஆய்வில் ஒத்துக்கொள்ளாத உணவாக இருந்தது மாட்டிறைச்சி 34, பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம். முதல் மூன்றும் மிருகப் புரதம். நம் வீட்டு நாய்கள் சாப்பிடுவதை வைத்துப் பார்த்தால் கோழியும் தயிர்சாதமும்தான் என் முதல் சந்தேகம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 இல் இந்தத் தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரணையே தொடங்கியது. மீன் எண்ணெய் சேர்ந்த பைகள் வறண்ட தோலுக்கு ஓரளவு நல்லதுதான், அலர்ஜியைக் கண்டுபிடிக்க மட்டும் உதவாது.

ஆகவே போட்டி முதல் இரண்டுக்கும்தான். பணம் இடம்கொடுத்தால் சோதனை முடியும்வரை ஹைட்ரோலைஸ்டு. இல்லாவிட்டால், சமைப்பவர் ஒருவரே பொறுப்பேற்கும் வீட்டில் பன்றியும் கிழங்கும். எதை எடுத்தாலும் தாத்தா டீயில் நனைத்துப் போடும் ஒரு துண்டு பிஸ்கட் மொத்தத்தையும் கெடுத்துவிடும். இறைச்சி வாசனை சேர்த்த உண்ணி மாத்திரையும், குடற்புழு மாத்திரையும் அப்படியே. உண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள், வாசனை சேர்க்காததாகவோ தோலில் விடும் சொட்டாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். தொடக்கத்தில் அரிப்பு மருந்து கொடுத்தாலும், கடைசி வாரங்களில் மருத்துவர் சொன்னபடி அதை நிறுத்திப் பார்த்தால்தான் தேறியது சாப்பாட்டாலா மருந்தாலா என்று தெரியும்.

அரிப்பு அடங்கியதும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்புறம் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அது காரணமாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சொறிய ஆரம்பித்துவிடும். அப்படி ஆரம்பித்தால் சோதனை உணவுக்குத் திரும்பி, அரிப்பு அடங்கிய பிறகு கோழி மட்டும், பிறகு பால் மட்டும், பிறகு முட்டை மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதது எது என்று பெயரோடு தெரிந்துவிட்டால், அது மட்டும் இல்லாத சாதாரண உணவுக்கே பல நாய்கள் திரும்பிவிடலாம், மாதாமாதம் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.