பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு கிங்ஸ்டன் ஏ400 எஸ்எஸ்டி: எது சரியாகும், எது ஆகாது

மதுரை கீழமாசி வீதி பலசரக்கு மண்டிகளில், ஹெச்61 என்ற பழைய இன்டெல் மதர்போர்டு போட்ட, பத்து வருஷத்துக்கும் மேலான அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களை இன்றும் பார்க்கலாம். ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைப் போடவேண்டிய 20ஆம் தேதி நெருங்கினால், ஆறு மணிக்கு முடியவேண்டிய வேலை ஒன்பது மணிக்கு இழுக்கும். கணக்கு எழுதுகிறவரை மந்தம் என்று ஏசுவது பெரிய அநியாயம்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 10 சதவீதத்தில் கிடக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால் கோளாறு ஹார்ட்டிஸ்கில்தான். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் (7200 ஆர்பிஎம்) ஹார்ட்டிஸ்க் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி ஆகும். படிக்கும் ஹெட் நகரும் நேரமும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை விநாடிக்கு நூறு தடவைகூடப் படிக்க முடியாது. விண்டோஸ் எழும்போதும் ஆன்டிவைரஸ் துழாவும்போதும் கேட்பது அந்தத் துண்டுகளைத்தான். ஹார்ட்டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதே வேலை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும்.

ஏ400-ன் 240 ஜிபி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் வேகம் விநாடிக்குப் படிக்க 500 எம்பி, எழுத 350 எம்பி. ஹெச்61 போர்டில் டிஸ்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் விநாடிக்கு 3 கிகாபிட்தான் என்பதால் 300 எம்பிக்குக் கீழேதான் வரும். அதனால் மனசு தளர வேண்டாம். வித்தியாசம் தெரிவது அந்தச் சின்ன ஃபைல்களில்தான். 80 டெராபைட் வரை எழுதலாம் என்று கணக்கு: தினம் 20 ஜிபி எழுதினாலும் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கும். வாரண்டி 3 வருஷம். டிராம் என்ற உள் வேக மெமரி இல்லாததால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து காப்பி செய்யும்போது வேகம் விழும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு அது குறையே இல்லை. ஆனால் மற்றவர்கள் எல்லாம் இணையும், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் டிராம் உள்ள சாம்சங் 870 ஈவோவுக்குப் போவது நல்லது. அதன் 250 ஜிபி மாடலில் 150 டெராபைட் வரை எழுதலாம், வாரண்டி 5 வருஷம்.

மாட்டும்போது ஸ்க்ரூவைக் கவனியுங்கள். பழைய 3.5 அங்குல டிஸ்கின் தடித்த ஸ்க்ரூ எஸ்எஸ்டிக்கு ஆகாது, எம்3 வேண்டும். பழையதை அழுத்தித் திருகினால் மரை போய்விடும். 2.5 அங்குலத்துக்கான பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள். கடை கேபினெட்டுகளில் மிளகாய், மல்லித் தூசி சிபியு ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். திறந்த கையோடு ஊதிவிட்டு, சிபியு சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். சூடு ஏறினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி போட்டும் பலன் தெரியாது.

டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் செய்வதைவிடப் புதிதாக விண்டோஸ் போடுவதே மேல், வருஷக்கணக்கான குப்பை கூடவே வராது. குளோன்தான் என்றால், 500 ஜிபி டிஸ்கின் பார்ட்டிஷனை (பிரித்த பகுதியை) முதலில் 240-க்குள் சுருக்க வேண்டும். முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் பூட் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் பழையதிலேயே எழுந்துவிடும், மாட்டியவர் எஸ்எஸ்டியைக் குறை சொல்வார். போர்டின் செட்டிங் மெனுவான பயாஸில் டிஸ்கை இயக்கும் முறை பழைய ஐடிஇ மோடில் இருந்தால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் நீலத்திரைதான் வரும்.

4 ஜிபி ரேமோடு நிறுத்தாதீர்கள். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே மெமரி நிரம்பிவிடும். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால்தான் முழுப் பலன். டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் நுழையாது.

இதனால் தீராதவையும் உண்டு. நெட் மெதுவாக இருந்தாலோ ஜிஎஸ்டி போர்ட்டல் திணறினாலோ எஸ்எஸ்டி உதவாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சிபியுக்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஹெச்61-ல் இருப்பவை அதற்கும் பழையவை, ஆகவே அந்தக் கம்ப்யூட்டருக்கு இதைவிட அதிகமாகச் செலவழிக்க வேண்டாம். எஸ்எஸ்டியைப் பிறகு புதுக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளலாம். யுபிஎஸ் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். எழுதும் நடுவே கரண்ட் போனால் இந்த விலை எஸ்எஸ்டியில் டேட்டா கெடலாம், கெட்டதை மீட்பது ஹார்ட்டிஸ்கைவிடச் சிரமம். கழற்றிய பழைய டிஸ்கை ஒரு மாதம் ஃபார்மேட் செய்யாமல் வைத்திருங்கள். மாதக் கணக்கு ஒருமுறை ஒழுங்காக முடிந்த பிறகு அழிக்கலாம்.