பச்சை லைட்டு எரியுதுன்னு நம்பி எர்த்தையே பறிகொடுத்த கதை

பர்கூர் பக்கம் ‘கரண்ட் பில் குறைக்கிற பெட்டி’ விக்கிற ஆளுங்க சுத்தறாங்கன்னு முந்தாநாள் எங்க தெரு குரூப்ல ஒரு அக்கா போட்டோ போட்டிருந்தாங்க. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அதே வெள்ளைப் பெட்டி, அதே பச்சை லைட்டு. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். இன்னும் நாலு வீடு ஏமாறட்டும்னு விட முடியலை.

நாங்க இருக்கறது காவேரிப்பட்டணம் பக்கம். போன வருஷம் மே மாசம், மாங்கா சீசன், மதியம் ரெண்டு மணி. கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ரெண்டு பசங்க வந்து நின்னாங்க. “அக்கா, ஈபி விஷயமா வந்திருக்கோம். போன பில் எவ்ளோ வந்துச்சு?” ஈபியில இருந்து வர்றோம்னு சொல்லலை, ஈபி விஷயமான்னுதான் சொன்னாங்க. அந்த வித்தியாசம் எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் உறைச்சது.

ஒரு பலகையில குட்டி மோட்டாரும் ஆம்பியர் மீட்டரும் பொருத்தி வச்சிருந்தாங்க. மோட்டார் ஓடும்போது பெட்டியைச் சொருகினதும் முள்ளு சரசரன்னு பாதிக்கு இறங்குச்சு. நான் உடனே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. “எங்க கம்பெனியிலயும் கெப்பாசிட்டர் பேனல் இருக்கு, அது நிஜமாவே வேலை செய்யும், வாங்கு”ன்னுட்டார். படிக்காதவங்க மட்டும்தான் ஏமாறுவாங்கன்னு யாராவது சொன்னா இனிமே நான் சண்டைக்கு வருவேன்.

பெட்டி 2,800 ரூபாய். பேசிக்கிட்டே வீட்டைச் சுத்திப் பார்த்தவங்க, “எர்த் துருப்பிடிச்சுப் போச்சுக்கா, குழந்தைங்க இருக்கற வீடு, ஷாக் அடிச்சா என்ன பண்ணுவீங்க?”ன்னு ஆரம்பிச்சாங்க. (எர்த்ங்கறது கசியற கரண்ட்டை மண்ணுக்குள்ள இறக்கி விடற வயர்.) புது எர்த் குழி, ஷாக் அடிக்காம இருக்க ஒரு சுவிட்ச், ரெண்டும் சேர்த்து 4,000. ஆக மொத்தம் 6,800. நான் உள்ளே போய் மோர் கலக்கிக்கிட்டு, அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள “எட்டடிக் குழி போட்டு முடிச்சாச்சு”ன்னு சிமெண்ட் மூடி வச்சுட்டாங்க. அரை மணி நேரம்! நம்ம ஊர்ல நாலடி தோண்டினாலே பாறை தட்டும். கிணறு வெட்டின வீட்டுல பொறந்தவ நான், எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். தட்டலை.

‘பில் குறையலைன்னா பணம் வாபஸ்’னு சீட்டுல எழுதியே கொடுத்தாங்க. நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே கணக்கெடுக்கறாங்க? ஜூன்ல 540 யூனிட் வந்துச்சு. போன் பண்ணினேன். “பாதி நாள்தானே பெட்டி ஓடியிருக்கு, அடுத்த கணக்கைப் பாருங்கக்கா”ன்னாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. ஆகஸ்ட்ல 412. எனக்குத் தலைகால் புரியலை. பாலக்கோட்டுல இருக்கற தங்கச்சிக்கு நானே அந்த நம்பரைக் கொடுத்து, அவ வீட்டுலயும் பெட்டி, எர்த் எல்லாம் போட வச்சேன். அவளும் அதே 6,800 கொடுத்தா.

நவம்பர் மழையில ஒரு நாள் காலையில அத்தை பாத்ரூம்ல இருந்து, “ஏ கண்ணு, பைப்பைத் தொட்டா கடிக்குதே”ன்னாங்க. ஈரக் கைன்னு நினைச்சு நான் போய்த் தொட்டேன். முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்துச்சு. மெயினை இறக்கிட்டு, தெருக்கோடியில இருக்கற வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் கொண்டு வந்தது ஒரு ஹோல்டர், அதுல 100 வாட் குண்டு பல்பு, ரெண்டு வயர். ஒரு முனை ஃபேஸ்ல, இன்னொரு முனை பிளக்கோட எர்த் ஓட்டையில. எர்த் நல்லா இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியணுமாம். எங்க வீட்டுல இழை கூட சிவக்கலை. (இதை நீங்களா செஞ்சு பார்க்காதீங்க, தெரிஞ்சவங்களை வச்சுப் பாருங்க.) அப்புறம் பின்பக்கம் போய் அந்தப் புது சிமெண்ட் மூடியைத் தூக்கிட்டு பச்சை வயரைப் பிடிச்சு லேசா இழுத்தார். சேத்துல இருந்து மண்புழு மாதிரி சுலபமா வந்துடுச்சு. முனையில ஒரு முழ நீளக் கம்பி, கட்டடத்துக்குப் போடற கம்பிதான், அதைச் சுத்தி ரெண்டு முறுக்கு. கரி இல்லை, உப்பு இல்லை, குழாய் இல்லை. இதைவிட மோசம், வீடு கட்டும்போது போட்டிருந்த பழைய எர்த் வயரை வெட்டி அந்தக் கம்பியில கொண்டு போய்ச் சேர்த்திருந்தாங்க. ஓரளவுக்கு இருந்த காப்பும் அதோட போச்சு.

‘ஷாக் அடிக்காத சுவிட்ச்’னு மாட்டினது வெறும் எம்சிபி. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். மனுஷன் உடம்பு வழியாப் போற கரண்ட் அதுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு வேணுங்கறது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கண் மூடித் திறக்கறதுக்குள்ள விழுந்துடும். அதுல ‘டி’ன்னு இங்கிலீஷ் எழுத்து போட்ட சின்ன பட்டன் இருக்கும், அமுக்கினா டப்புன்னு இறங்கணும். எங்களுக்கு மாட்டின சுவிட்ச்ல அப்படி ஒரு பட்டனே இல்லை. உங்க வீட்டுல இருக்கான்னு போய்ப் பாருங்க. இருந்தா மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.

கடிச்சதுக்குக் காரணம் கீசர். போர் தண்ணி உப்பு உள்ளே சுண்ணாம்பா படிஞ்சு, ஹீட்டர் ராடு வெடிச்சு, கசிவு பாடியில ஏறியிருக்கு. ஒழுங்கான எர்த் இருந்திருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால அத்தை கைக்கு வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி பெட்டியையும் ஸ்க்ரூ கழட்டிப் பார்த்தோம். பச்சை லைட்டுக்கு ஒரு சின்ன போர்டு, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கெப்பாசிட்டர், கனமா இருக்கட்டும்னு அடியில ஒரு சிமெண்ட் கட்டி. அந்த டெமோல முள்ளு இறங்கினது பொய்யில்லைன்னு வயர்மேன் அண்ணன் சொன்னார். கெப்பாசிட்டர் போட்டா ஆம்பியர், அதாவது வயர்ல ஓடற கரண்ட், குறையும். வாட், அதாவது நிஜமா செலவாகற சக்தி, குறையாது. வீட்டு மீட்டர் நமக்குக் கணக்குப் போடறது வாட்டை வச்சு வர்ற யூனிட்டுக்குத்தான். பெரிய கம்பெனிங்களுக்கு பவர் ஃபேக்டர் (வாங்கற கரண்ட்ல எவ்வளவு நிஜமா வேலைக்கு ஆகுதுங்கற அளவு) 0.90-க்குக் கீழே போனா அபராதம் உண்டு, அதனால அங்கே அந்த பேனலுக்கு அர்த்தம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் பார்த்ததும் நிஜம், எங்களை ஏமாத்தினதும் நிஜம்.

அப்போ 540 எப்படி 412 ஆச்சு? ஈபி கணக்கு எழுதற பழைய வெள்ளை அட்டையைத் தேடி எடுத்தேன். பெட்டி வாங்கறதுக்கு முந்தின வருஷம் அதே ஆகஸ்ட் கணக்கு 405. ஆடிக் காத்து வந்து ஏர்கூலரை நிறுத்தினதும் தானா குறைஞ்சதுக்கு நான் பெட்டிக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். மே மாசமா பார்த்து விக்க வர்றாங்க பாருங்க, அதுக்குப் பேரும் மூளைதான்.

சீட்டுல இருந்த நம்பர் செத்துப் போச்சு. கடை முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுக்கலாம்னா யார் மேல கொடுக்கறது? வந்த வண்டியோட நம்பரைக் கூட நாங்க குறிச்சு வைக்கலை. மின்வாரியம் வீடு வீடா வந்து பெட்டி விக்கறதில்லை. சந்தேகம் வந்தா ஆளை வாசல்லயே நிக்க வச்சுட்டு மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987-க்கு ஒரு போன் போடுங்க.

அப்புறம் செஞ்சது இதுதான். துணி துவைக்கற தண்ணி போற வாழையடியில, எப்பவும் ஈரம் இருக்கற இடமா பார்த்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு புது எர்த். பாறை தட்டினதால ஒன்றரை நாள் ஆச்சு. நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆர்சிசிபி மாட்டியாச்சு. 75 வாட் பழைய ஃபேன் ரெண்டை எடுத்துட்டு கம்மி கரண்ட்ல ஓடற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டோம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம், இது நோட்டுல போட்டுப் பார்த்த கணக்கு. இந்த ஜூன்ல 468 வந்துச்சு. 500-ஐத் தாண்டினா மொத்தக் கணக்கும் வேற ரேட்டுக்குப் போயிடும்ல, அதுல இருந்து தப்பிச்சோம்.

தங்கச்சி வீட்டு எர்த்தையும் தோண்டிப் பார்த்தோம். அதே முழ நீளக் கம்பி, அதே ரெண்டு முறுக்கு. அவ ஒரு வார்த்தை கூடத் திட்டலை, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. புதுசா போட்ட செலவுல பாதியைக் கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டா. ரெண்டு பேரும் ஒரே இடத்துல மாசச் சீட்டு கட்டறோம், அவ கட்ட வேண்டிய ரெண்டு மாசப் பணத்தை நானே கட்டிட்டேன். இன்னும் அவளுக்குத் தெரியாது, இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.