பனிக்காலக் காலணிகள்: தோலா, கம்பளியா, ரப்பரா?

பனி பொழியும் ஊரில் குளிர்காலக் காலணி வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, அது எத்தனை டிகிரி குளிரைத் தாங்கும் என்பதைத்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த எண் ஓரளவுக்கே உதவும். பாதம் விறைப்பதற்கு வெளியே கிடக்கும் பனியைவிட உள்ளே ஊறும் வியர்வையே பல நேரங்களில் முதற்காரணம். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், காலுறை நனைந்துவிட்டால் பூட்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தும் பெரிய பயனில்லை. ஆகவே அந்த ஈரத்தை ஒவ்வொரு காலணியும் என்ன செய்கிறது, அதை உலர்த்துவதற்கு அணிபவருக்கு இடமும் நேரமும் உண்டா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அலுவலகம் சென்று திரும்புபவருக்கு மாலையில் ஒரு சூடான அறை இருக்கிறது. காவல் பணியில் நிற்கும் சிப்பாய்க்கு அது பல நாட்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

தோல், கம்பளி, ரப்பர் என்ற மூன்று வகைக் காலணிகளுள் நடப்பதற்குச் சிறந்தது தோல் பூட்ஸ்தான். அது கணுக்காலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். வியர்வையில் ஒரு பகுதியை வெளியேறவும் விடும். நெடுந்தூரம் நடக்க வேண்டிய படைகள் இன்றும் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. பனி உருகிச் சேறாகும் பதத்தில்தான், அதாவது உறைநிலையை ஒட்டிய ஈரக்குளிரில்தான், அதன் பலவீனம் வெளிப்படும். 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போரில், நீர் புகும் பூட்ஸுகளுடன் சதுப்பு நிலத்தில் நாட்கணக்கில் நடந்த பிரிட்டிஷ் வீரர்கள் பலர் டிரெஞ்ச் ஃபுட் என்னும் பாதச் சிதைவுக்கு ஆளானார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பெயர்பெற்ற இந்த நோய்க்கு உறைபனி தேவையே இல்லை. ஈரமும் குளிரும் அசைவின்மையும் போதும். அன்றாட வாழ்க்கையில் இதற்குச் சமமான எதிரி, பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பு. அதைத் துடைக்காமல் விட்டால், விலை கொடுத்து வாங்கிய தோல் வெண்ணிறத் திட்டுகளோடு வறண்டு வெடிக்கும்.

தோல் பூட்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது காலோடு ஒட்டியிருப்பதால், குளிருக்கு அஞ்சி இரண்டாவது காலுறையைத் திணிப்பவர்கள் இரத்த ஓட்டத்தை நெரித்துப் பாதத்தை மேலும் குளிரச் செய்கிறார்கள். 1941–42 குளிர்காலத்தில் சோவியத் மண்ணில் இருந்த ஜெர்மானியப் படைகளின் அனுபவம் இதற்குக் கசப்பான சான்று. இறுக்கமான அவர்களுடைய பூட்ஸின் அடியில் அடிக்கப்பட்டிருந்த இரும்பு ஆணிகள், உள்ளிருந்த வெப்பத்தை நேராகத் தரைக்குக் கடத்தின. அந்தக் குளிர்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பனிக்கடி ஏற்பட்டது. குளிரைச் சற்றும் எதிர்பாராத திட்டமிடலும் அதற்குக் காரணம் என்பதால், பழி முழுவதையும் காலணியின் மேல் போடுவது நியாயமாகாது.

அதே களத்தில் எதிர்த்தரப்பினர் அணிந்திருந்தது வாலென்கி. ஆட்டு ரோமத்தை நனைத்து, அடித்து, அழுத்திச் செய்யப்படும் தையலற்ற ஃபெல்ட் பூட்ஸ் அது. ஆணியில்லை, இறுக்கமில்லை, விரல்களை உள்ளே தாராளமாக அசைக்கலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. காலடியில் பனி நறநறவென்று அரைபடும் உலர்ந்த கடுங்குளிரில் வாலென்கிக்கு நிகரானது அரிது என்றே சொல்வேன். ஆனால் வெப்பநிலை உறைநிலைக்கு ஏறியதுமே அது பஞ்சுபோல் நீரைக் குடித்துவிடும். அதனால்தான் மேலே ரப்பர் உறை மாட்டும் வழக்கம் வந்தது. கணுக்காலுக்குப் பிடிமானமும் இல்லாததால், நின்று காவல் காப்பவருக்கும் வாசலில் பனி அள்ளுபவருக்கும் பொருந்தும் இந்தக் காலணி, மலையேறுபவருக்குப் பொருந்தாது.

ரப்பரின் கதை 1950ஆம் ஆண்டு கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தருகே நடந்த போரிலிருந்து தொடங்குகிறது. அங்கே அமெரிக்கர்கள் அணிந்திருந்தது, அடிப்பாகம் ரப்பரும் மேற்பாகம் தோலுமான பூட்ஸ். நடக்கும்போது பாதம் அதற்குள் வியர்த்துக் கொட்டியது. நின்றதும் அந்த வியர்வையே உறைந்தது. அதன் பின் பரவலான தீர்வு விசித்திரமானது. இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை வைத்துக் காற்றுப்புகாமல் மூடிவிட்டார்கள். பாதம் வியர்க்கும், காலுறையும் நனையும். ஆனால் வெப்பத்தைக் காக்கும் கம்பளி ஒருபோதும் நனையாது. ஓடையில் காலை விட்டு எடுத்தாலும் சூடு குறையாது. இந்த ரப்பர் பூட்ஸில் கறுப்பு வகை சுமார் −29 டிகிரி செல்சியஸ் வரைக்கும், வெள்ளை வகை சுமார் −54 டிகிரி வரைக்கும் வடிவமைக்கப்பட்டவை. விமானத்தில் செல்லும்போது உள்காற்று விரிந்து அடுக்குகள் உப்பிவிடாதபடி, பக்கவாட்டில் ஒரு சிறு வால்வு இருக்கும். குறைகளும் சிறியவை அல்ல. கனம் அதிகம், ஓரிடத்தில் கிழிந்து நீர் புகுந்தால் களத்தில் உலர்த்த வழியில்லை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதத்தின் தோல் வெளுத்துச் சுருங்கும் என்பதால், தினமும் பாதத்தைத் துடைத்துக் காலுறை மாற்றியே ஆக வேண்டும். கடைவீதிக்குப் போய்வர இதை அணிவது வீண் வேலை.

வீட்டுக்குத் திரும்பக்கூடியவர் எவராயினும் அவருக்கு என் பரிந்துரை, உள்ளுறையைத் தனியே கழற்றக்கூடிய ரப்பர் அடி பூட்ஸ். சோசினில் தோற்ற அதே அமைப்புதான் இது. ஆனால் உலர்த்த வசதி இருந்தால் கதையே வேறு. மாலையில் உள்ளுறையை உருவிப் பார்த்தால் விரல் நுனிப் பக்கம் ஈரம் கோத்திருப்பது தெரியும். கடுங்குளிர் நாட்களில் அங்கே மெல்லிய பனித்துகள்கூடப் படிந்திருக்கும். நேரடி நெருப்பில் காட்டாமல், சூடான அறையில் இரவு முழுக்க விரித்து வைத்தால் காலையில் உலர்ந்துவிடும். மாற்று உள்ளுறை ஒரு சோடி இருந்தால் இன்னும் நல்லது.

படையில் இருப்பவருக்குத் தேர்வுச் சுதந்திரம் குறைவு. கொடுத்ததைத்தான் அணிய வேண்டும். தோல் பூட்ஸ் கொடுத்தால், தடித்த காலுறையை அணிந்துகொண்டே அளவு பார்த்து, விரல்கள் அசையும் இடமுள்ள சோடியைக் கேட்டு வாங்கலாம். மாற்றுக் காலுறையைப் பைக்குள் வைக்காமல் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்தால் அது உறையாமலும் இருக்கும், சிறு ஈரமும் காயும். நெடுநேரம் நிற்கும் காவல் பணிக்கு மெல்லிய காலுறை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் தடித்த கம்பளிக் காலுறை என்று அணிந்தால், ரப்பர் பூட்ஸின் அதே வேலையைத் தோல் பூட்ஸுக்குள்ளேயே ஓரளவு செய்துகொள்ளலாம். பணி முடிந்ததும் பையைக் கழற்றிப் பாதத்தைக் காயவிட வேண்டும்.