டாஃப்னியும் ஏஐ ஏஜென்டும்: சம்பளக் கணக்குக்குச் சரிவருமா?

சம்பள மென்பொருள் எழுதும் குழுக்களுக்கு இந்தக் கூட்டணியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. டாஃப்னி, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் பிறந்த இலவச நிரல்மொழி; எழுதிய நிரல் சரி என்று கணித முறையில் நிரூபிக்க உதவுவது. நிரல் எதைத் தர வேண்டும் என்ற விதியை 'என்ஷூர்ஸ்' வரியில் எழுதினால், எல்லா உள்ளீட்டுக்கும் அது பொருந்துகிறதா என்று, உள்ளே இருக்கும் இசட்3 என்ற நிரூபணக் கருவி பார்த்துச் சொல்லும். நடுவே லூப் இன்வேரியன்ட் (சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாத உண்மை), லெம்மா (நிரூபணத்துக்கான துணைக் கூற்று) எழுதுவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. அதை ஏஜென்ட் நன்றாகவே செய்கிறது: 'டாஃப்னி வெரிஃபை' என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டும், பிழையைப் படிக்கும், திருத்தும், மறுபடி ஓட்டும்.

ஆனால் விதியை அதன் கையில் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியையே பாருங்கள். 55 வயதைத் தாண்டாத சிங்கப்பூரர், சம்பளம் 3,018 வெள்ளி. மொத்தச் சந்தா 37 விழுக்காடு, அதாவது 1,116.66, முழு வெள்ளியாக்கினால் 1,117. ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 603.60, காசை விட்டுவிட்டு 603. மீதி 514 முதலாளி பங்கு. ஏஜென்ட் 17 விழுக்காட்டைத் தனியாகப் போட்டு 513 என்று விதி எழுதினால், அந்தத் தப்பான விதிக்கும் நிரூபணம் பச்சை காட்டும். சரிபார்ப்பானுக்கு சேம நிதிச் சட்டம் தெரியாதே!

தொகையைக் காசிலேயே முழு எண்ணாக வையுங்கள்: வெள்ளியில் மொத்தச் சந்தா = (காசில் சம்பளம் × 37 + 5000) / 10000, மீதியை விட்டுவிட்டு. விழுக்காட்டை மாறியாக வைத்தால் இரண்டு மாறிகளின் பெருக்கல் வந்து இசட்3 திணறும், நேரம் முடிந்து நிற்கும். வயதுப் பிரிவுக்கு ஒரு கிளை, அதில் நேரடி எண் என்று பிரித்தால் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஏஜென்ட் இதைத் தானாகச் செய்வது அரிது. வரிசையாக அஸர்ட் (இந்த இடத்தில் இது உண்மை என்று இடைக்குறிப்பு) போட்டுக்கொண்டே போகும். அப்படித் தேறிய நிரூபணம் அடுத்த பதிப்பில் உடையலாம். நிரூபணம் எவ்வளவு நிலையானது என்று அளக்கும் 'மெஷர்-காம்ப்ளெக்சிட்டி' கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் ஏஜென்ட் குறுக்கு வழி தேடும்: நிரூபிக்காமலே உண்மை என்று கொள்ளச் சொல்லும் 'அஸ்யூம்' செருகும், சரிபார்ப்பையே தவிர்க்கும் 'வெரிஃபை ஃபால்ஸ்' குறி போடும், என்ஷூர்ஸையே தளர்த்தும். முதல் இரண்டைப் பிடிக்க 'டாஃப்னி ஆடிட்' கட்டளை போதும். மூன்றாவதை அது பிடிக்காது. விதிகளைத் தனிக் கோப்பில் எழுதி, ஏஜென்ட்டுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். லீன் என்ற இன்னொரு நிரூபண மொழிப் பக்கம் போனால், நிரூபணம் இல்லாத இடத்தை நிரப்பும் 'சாரி' என்ற சொல்லை எழுதி நழுவும், மரியாதை தெரிந்த பிள்ளை.

டேட்டாபேஸிலிருந்து வரும் வயதும் சம்பளமும் நிரூபணத்துக்கு வெளியே. நுழையும் இடத்தில் சாதாரணச் சோதனை வையுங்கள்.