14 டாலர் தவளை ஈட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தவளை பிடிக்கத் தடை. ஜூன் பிறந்ததும் லாஃபயெட் நகரத்துப் பக்கத்து வாய்க்கால்களிலும் நண்டிறால் குட்டைகளிலும் இரவெல்லாம் நெற்றிவிளக்குகள் அலையத் தொடங்கும். அந்த ஜூனை நினைத்துத்தான் மே மாதக் கடைசியில் ஐந்து முள் வைத்த ஈட்டித்தலை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விலை 14 டாலர். கட்டைவிரலில் நீல பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கை அதைப் பிடித்திருப்பதுபோல் படம். ஒரே துண்டாக அடித்துச் செய்த ஸ்பிரிங் ஸ்டீல், துடைப்பக் கழி எதிலும் பொருந்தும், தவளைக்கும் மீனுக்கும் ஏற்றது என்று கீழே எழுதியிருந்தார்கள். இதில் எதுவுமே உண்மையில்லை.

இந்த ஊருக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே தவளைக்கால் விருந்துச் சாப்பாடு. பக்கத்திலிருக்கும் ரெயின் என்ற சிற்றூர் தன்னை 'உலகத் தவளைத் தலைநகர்' என்றே சொல்லிக்கொள்கிறது. சுவர்களிலெல்லாம் தவளை ஓவியம். பிடிக்கும் முறையும் எளிது. படகில் சத்தமில்லாமல் போய், கண்ணில் நேராக வெளிச்சம் அடித்தால் தவளை அப்படியே உட்கார்ந்துவிடும். எட்டுப் பத்தடிக் கழியின் நுனியில் இருக்கும் ஈட்டியால் ஒரே குத்து. புல்ஃபிராக் என்ற பெரிய இனம் மூக்கிலிருந்து பின்புறம் வரை 5 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். குத்திய பிறகு அளந்து என்ன பயன்? அதனால் சந்தேகம் வந்தாலே விட்டுவிடு என்பார் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். (ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இந்தியாவில் தவளைக்கால் ஏற்றுமதிக்கே 1987-இல் தடை வந்துவிட்டது. நம் வயல் தவளை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.)

பெட்டி வந்தபோதே கை சொல்லியது, கனம் போதாதென்று. கருப்புப் பெயின்ட் தடிமனாக அடித்திருந்தது. கழி நுழைகிற குழல் தகரம்போல் மெல்லிசு. இரண்டு விரல் ஆழம்கூட இல்லை, திருகாணி போட ஓட்டையும் இல்லை. துடைப்பக் கழியின் நுனியைச் சீவிச் சீவித்தான் உள்ளே செருக முடிந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தடை முடிகிற நாள் நெருங்கிவிட்டதே என்று விட்டேன்.

தடை முடிந்து போன இரவில் மூன்றாவது தவளை. சைப்ரஸ் மரத்தின் வேரடியில், சேற்றில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. பெரியது. சரியாகத்தான் குத்தினேன், தலைக்குப் பின்னால். சேற்றோடு அழுத்திப் பிடித்துவிட்டுக் கழியைத் தூக்கினால் கழி லேசாக வந்தது. ஐந்து முள்ளில் மூன்றுதான் இருந்தன. அவையும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. மற்ற இரண்டும் தவளையின் உடம்பில். அது ஒரு உதை உதைத்துத் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஒரு மணி நேரம் தேடினோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துடுப்பால் ஆகாயத்தாமரையை ஒதுக்கி ஒதுக்கி வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. எதிர்முள் வைத்த இரும்பு அது, தானாகக் கழன்று விழாது. அதை உடம்பில் சுமந்துகொண்டு எங்கே போய் எத்தனை நாள் கிடந்ததோ. வேட்டைக்குப் போகிறவன் கொல்லத்தான் போகிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே குத்தில் முடிக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஒரே நியாயம். அதை அந்த விற்பனையாளர் என்னிடமிருந்து பறித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். முள் உட்கார்ந்திருந்த இடத்தில் வழவழவென்று வட்டமாக ஒரு குழி. வெல்டிங் முள்ளோடு உருகிச் சேரவே இல்லை. மேலே வழிந்த மெழுகுபோல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பெயின்ட் மூடியிருக்கிறது. ஒரே துண்டு என்றார்களே, அதில் ஐந்து ஒட்டு!

புகார் அனுப்பினேன். முதலில் 'தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்' என்றார்கள். படம் அனுப்பியதும் 20 சதவீதம் திருப்பித் தருகிறோம் என்றார்கள், மறுத்ததும் 40. முழுப் பணமும் வேண்டுமென்றால் என் செலவில் கடல் தாண்டி அனுப்ப வேண்டுமாம். அந்தச் செலவு பொருளின் விலையைவிடக் கூடுதல். பெட்டிக்குள் ஒரு சீட்டும் இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் 10 டாலர் பரிசு. நான் நம்பி வாங்கிய அத்தனை நட்சத்திரமும் எப்படி வந்தவை என்று அப்போதுதான் புரிந்தது. நல்லபடியாக எழுதினால் காசு என்று விலைபேசுவது 2024 அக்டோபர் 21 முதல் அமெரிக்காவில் சட்டப்படி தடை. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்ததால் தப்பித்தேன். சொன்னபடி பொருள் வராவிட்டால், அந்தத் தொகை வந்த முதல் பில்லிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். உடைந்த படம், விளம்பர வாசகம், பரிசுச் சீட்டு மூன்றையும் இணைத்தேன். பணம் வந்தது. 'பதினாலு டாலருக்காண்ணே இவ்ளோ அலைச்சல்?' என்றான் தஞ்சாவூர்த் தம்பி ஒருவன். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தண்ணீரில் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். அதற்குள் இரண்டு முள் கிடக்கிறது.

மலிவாக வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிறகு தூண்டில் சாமான் கடையில் 20 டாலருக்குள் வாங்கிய நாலு முள் ஈட்டி இன்றுவரை நன்றாக உழைக்கிறது. பெரியவர்தான் பார்த்து எடுத்தார். முள்ளும் குழலும் சேருமிடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு முள்ளைப் பலகையில் வைத்து மெல்ல அழுத்தி விட்டார். நல்ல இரும்பு பழைய இடத்துக்குத் திரும்பும், சாதாக் கம்பி வளைந்தபடி நிற்கும். குழல் நாலு விரல் ஆழம், குறுக்கே திருகாணிக்கு ஓட்டை. அந்தத் திருகாணி இல்லாமல் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை, மட்டமான இரும்பிலும் ஒட்டும்.

தவளைக்கும் மீனுக்கும் ஒன்றே போதும் என்பதையும் நம்பாதீர்கள். தவளை மெத்தென்ற சேற்றில் உட்கார்ந்திருக்கும். கடலோரத்தில் குத்துகிற ஃபிளவுண்டர், நம் நாக்குமீன்போன்ற தட்டைமீன், மணலோடு மணலாகப் படுத்திருக்கும். குத்து தவறினால் முள் போய் மோதுவது சிப்பியில். அதற்குத் தடித்த முள் வேண்டும்.

நான் புகார் கொடுத்த கடைப்பெயர் ஜூலையில் காணாமல் போனது. நேற்று வேறு இரண்டு பெயர்களில் அதே ஈட்டியைப் பார்த்தேன், இப்போது 12 டாலர். படம் மாறவில்லை: நீல பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரல்.